எழில் வழியில் விழுந்த செருப்பு

"செத்துப்போனவங்க செருப்பை மடியில வெச்சுக்கிட்டு ஊர் அழகைப் பார்க்கக் கிளம்பின ஒரே ஆள் நீங்கதான் டீச்சர்" என்றான் ரேடியோ, ஸ்டியரிங்கை வளைத்தபடி.

டீச்சர் அவன் பக்கம் திரும்பவில்லை. மடியில் பாலிதீன் பைக்குள் இருந்தது அந்தச் செருப்பு. வலது கால். மெரூன் நிற வார், நடுவில் ஒரு பித்தளைப் பூ.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு. பேசாதே."

"அப்ப எப்பத்தான் பேசறது?"

"தூக்கத்துல. அதுவும் உன் வீட்டுல."

பல வருடம் பூகோளம் நடத்திவிட்டு, பிள்ளைகள் சொல்லும் பொய் அலுத்துப்போய், பெரியவர்கள் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிக்கலாமென்று துப்பறியும் ஆபீஸ் திறந்தவர் டீச்சர். ரேடியோ அதற்கு முன்னால் மருந்து கம்பெனி பிரதிநிதியாக இருந்தவன். டாக்டர்கள் அவனை வெளியே அனுப்புவதற்காகவே மருந்து எழுதிக் கொடுத்தார்கள் என்று அவனே சொல்வான். பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது அவன் பெண்டாட்டிகூட உபயோகிப்பதில்லை.

கேஸ் இதுதான். ஊரில் பெயர் வாங்கிய பல் டாக்டரின் மனைவி, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அன்று ஓட்டப் பந்தயத்துக்காக மெயின் ரோட்டை அடைத்திருந்தார்களாம். அதனால் எழில் வழியில் போனாராம். எங்குமே நிறுத்தவில்லையாம். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, செத்தவளின் அக்காவைத் தவிர.

அக்கா சலவைக் கடை நடத்துகிறவள். ஒற்றைச் செருப்பை டீச்சரின் மேஜைமேல் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஆஸ்பத்திரியில இது ஒண்ணைத்தான் கொடுத்தாங்க. இடது கால் செருப்பு எங்க? வீடு பூரா தேடிட்டேன், இல்ல. எங்கேயுமே நிறுத்தலைன்னா, செருப்பு என்ன ஜன்னல் வழியா பறந்தா போச்சு?"

நியாயமான கேள்வி. பல் டாக்டரிடம் போய்க் கேட்டபோது அவர் சிரித்தார். நாற்காலியில் படுத்திருப்பவனிடம் ஊசியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது செருப்பையா எண்ணிக்கிட்டிருப்பேன்?" என்றார்.

எழில் வழி என்பது மாநகராட்சி வைத்த பெயர். ஆற்றங்கரை, பழைய பாலம், நீர்த்தேக்கம், மலைச்சரிவுப் பூங்கா, ஏரி என்று ஊரின் லட்சணமான இடங்களையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி ஒரு சாலை. மூலைக்கு மூலை பழுப்புப் பலகை, அதில் வெள்ளைப் பூ. உள்ளூர்க்காரர்கள் அதைச் சுத்துவழி என்பார்கள். ஒருவழிப் பாதை. உள்ளே நுழைந்தால் கடைசிவரை போய்த்தான் வெளியே வர முடியும்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். மெயின் ரோடு நிஜமாவே அடைச்சிருந்துச்சா?"

"அடைச்சிருந்துச்சு. ஆனா ஆம்புலன்ஸ் போக ஒரு ஓரம் விட்டிருந்தாங்க. ஓடிக்கிட்டிருந்தவங்க பாதிப் பேர் அவர்கிட்ட பல் காட்டினவங்க. ஹார்ன் அடிச்சிருந்தா வழி விட்டிருப்பாங்க."

"பல் காட்டினவங்கன்னா, வழி விடாம ஓடித்தான் போயிருப்பாங்க."

டீச்சரின் உதடு லேசாக அசைந்தது. அதற்கு மேல் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஆற்றங்கரையில் இறங்கினார்கள். பெஞ்சுகளும் புறாக்களும்தான். பழைய பாலத்தில் ஒரு கல்யாண ஜோடி போட்டோவுக்காக எட்டாவது தடவையாக ஒருவரை ஒருவர் தற்செயலாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் செருப்பைக் காட்டியதும் மணப்பெண் முகம் சுளித்தாள். மூன்றாவது நிறுத்தம் நீர்த்தேக்கம்.

சாலை அங்கே அகன்று, கைப்பிடிச் சுவரோடு ஒரு மேடையாகிறது. கீழே தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் நகரம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. சுவரோரம் முக்காலியில் நிறுத்திய ஒரு பெரிய தொலைநோக்கி. பக்கத்தில் கழுத்தில் கேமராவும் இடுப்பில் சின்ன பிரிண்டருமாக ஒரு பெண், இருபது வயது இருக்கும். போவோர் வருவோரைப் படம் பிடித்து, சூடு ஆறுவதற்குள் விற்கிறவள்.

"சார், மேடம்! ஜோடியா ஒரு படம்?"

"வேண்டாம்மா, இவங்க என்கூட நிக்கிறதே எனக்குத் தண்டனை" என்ற ரேடியோ, தொலைநோக்கிக்குக் கண்ணைக் கொடுக்கக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

முக்காலியின் ஒரு கால் மட்டும் குட்டை. ஆடாமல் இருக்க அதன் அடியில் எதையோ மடித்துச் செருகியிருந்தார்கள். மெரூன் வார். பித்தளைப் பூ பாதி மண்ணுக்குள்.

"டீச்சர்" என்றான். குரலில் கிண்டல் இல்லை.

டீச்சர் மண்டியிட்டு அதை உருவி எடுத்தார். தொலைநோக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போட்டோக்காரப் பெண் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ மேடம், அதை எடுக்காதீங்க! அது இல்லன்னா இது ஆடும்."

"இது யாரோடது?"

"யாரோ ஒரு அம்மா விட்டுட்டுப் போனது. நான் கையில எடுத்துக்கிட்டு கார் பின்னாடியே ஓடினேன். நிக்கல. ஒத்தச் செருப்பை வெச்சு என்ன பண்றது, அதான்..."

"அந்தம்மா எப்படி இருந்தாங்க?"

பெண் கேமராவின் வாரைத் திருகினாள். "உடம்பு சரியில்லாத அம்மா. கார் வந்து நின்னுச்சு. அந்த சார் இறங்கி நேரா இங்க வந்து, பைனாகுலர்ல பார்க்கணும்னாரு. பொறுமையா பார்த்தாரு. அந்தப் பாலம் எது, இந்தக் கோபுரம் எதுன்னு என்னைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தாரு. அப்பத்தான் முன் கதவு திறந்துச்சு. அந்தம்மா இறங்கி, காரைப் பிடிச்சுக்கிட்டே பின்பக்கம் நடந்து வந்துச்சு. மூச்சே விட முடியல. பின் கதவோட பிடியை இழுத்துச்சு. திறக்கல."

"பூட்டியிருந்துச்சா?"

"உள்ளேருந்து லாக் போல. கறுப்புக் கண்ணாடி, உள்ள ஒண்ணும் தெரியல. மறுபடி மறுபடி இழுத்துச்சு. நான் ஓடிப்போய் தாங்கினேன். 'அக்கா, ஆஸ்பத்திரி... அவர்கிட்ட சொல்லுக்கா... ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுக்கா'ன்னு அழுதுச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அப்புறம்?"

"அந்த சார் வந்து அந்தம்மா தோளை அணைச்சுக்கிட்டாரு. 'இவங்களுக்கு மனசு சரியில்லம்மா, மாத்திரை போட மறந்தா இப்படித்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு பினாத்துவாங்க'ன்னு சிரிச்சாரு. நல்ல சிரிப்பு மேடம். நம்பிட்டேன். தூக்கி உக்கார வெக்க நானும்தான் கை கொடுத்தேன். அப்பத்தான் செருப்பு கழண்டிருக்கும். போகும்போது, அடுத்து எந்த இடம் நல்லா இருக்கும்னு கேட்டாரு. மலைச்சரிவுல பூ பூத்திருக்கு, அங்க கொஞ்ச நேரம் நில்லுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"படம் ஏதாவது எடுத்தியா?"

"அழுற மூஞ்சியை யாரு மேடம் வாங்குவாங்க?"

ரேடியோவுக்கு வாய் சும்மா இருக்காது. ஐம்பதை நெருங்கின பொம்பளை, இருபது வயசுப் பெண்ணை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். "உன்னைப் போய் அக்கான்னாங்களா? உன் அம்மா வயசும்மா அவங்களுக்கு. நானா இருந்தா அதுக்கே கோவிச்சுக்கிட்டிருப்பேன்" என்றான்.

பெண் சிரிக்கவில்லை. "அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

ரேடியோ டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், போர்டில் தப்பாக எழுதப்போய்ச் சரியான விடையை எழுதிவிட்ட பையனைப் பார்ப்பதுபோல.

"செத்துட்டாங்க" என்றார் டீச்சர், சுற்றிவளைக்காமல். "அன்னைக்கே."

போட்டோக்காரப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நான் கை கொடுத்து ஏத்திவிட்டேனே" என்றாள். அதையே இன்னொரு தடவை சொன்னாள். ஸ்டேஷனில் வந்து சொல்லத் தயாரா என்று டீச்சர் கேட்டதற்கு, தலையை மட்டும் ஆட்டினாள்.

காரில் ஏறியதும் ரேடியோ, "செருப்பு கிடைச்சாச்சு, சாட்சி கிடைச்சாச்சு. நேரா பல் டாக்டர் கிளினிக்தானே?" என்றான்.

"இல்ல. சலவைக் கடை."

"அந்தம்மாவுக்கு நல்ல சேதி சொல்லவா?"

"ஓட்டு."

திரும்ப முடியாத சாலை. மீதி வழியையும் போய்த்தான் தீர வேண்டும். முன்னால் ஒரு குடும்பம், ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டி வீடியோ எடுத்தபடி ஊர்ந்துகொண்டிருந்தது. ரேடியோ ஹார்ன் அடித்தான். முந்தவும் இடமில்லை. சாலை மலைச்சரிவில் ஏறி, பூக்களுக்கு நடுவே வளைந்து, காரணமே இல்லாமல் இன்னொரு வளைவு எடுத்தது. உச்சியில் சட்டென்று மரங்கள் விலகின. நேர் கீழே, கல்லெறிந்தால் விழும் தூரத்தில், பெரிய ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கட்டடம். மொட்டை மாடியில் சிவப்பு எழுத்துக்கூடத் தெரிந்தது.

தெரிந்த கணமே சாலை மறுபுறம் திரும்பிவிட்டது. ஏரிப் பக்கம் ஒரு முழுச் சுற்று.

"அவங்க இதைப் பார்த்திருப்பாங்க இல்ல?" என்றான் ரேடியோ.

"முன் சீட்டு. நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

அதன் பிறகு அவனுக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

சலவைக் கடையில் மதிய நேரம் ஆளில்லை. கூரையிலிருந்து தொங்கும் கம்பிகளில் பாலிதீன் உறை போட்ட கோட்டுகள், புடவைகள், பள்ளிச் சீருடைகள். ஈர ஆவியும் கஞ்சி வாசமும். அக்கா நீராவி இஸ்திரிப் பெட்டியோடு ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கவுன்ட்டரில் இடது கால் செருப்பைப் பார்த்ததும் கை நின்றது.

"கிடைச்சிடுச்சா! எனக்குத் தெரியும். படுபாவி, எங்க நிறுத்தினான்?"

"நீர்த்தேக்கத்துல. ஒரு போட்டோக்காரப் பொண்ணு பார்த்திருக்கா."

"எல்லாத்தையும் பார்த்தாளா?"

"பார்த்தா. உங்க தங்கச்சி கீழ இறங்கினதை, அவர் திரும்பப் பிடிச்சு ஏத்தினதை, எல்லாம்." டீச்சரின் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "பாவம், அவ்வளவு தாகமாம். தண்ணி தண்ணின்னு அந்தப் பொண்ணுகிட்ட கெஞ்சியிருக்காங்க."

"தண்ணியா?" அக்கா முகத்தைச் சுளித்தாள். "யார் சொன்னது? அவ எங்க தண்ணி கேட்டா? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னுதானே..."

வாக்கியம் பாதியில் அறுந்தது.

இஸ்திரிப் பெட்டி காலரின் மேலேயே நின்றிருந்தது. துணி கருகும் வாசம் வந்தது. ரேடியோ கையை நீட்டிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அந்தக் கணத்தில்தான் அவனுக்கு உறைத்தது. பூட்டிய பின் கதவு. மறுபடி மறுபடி இழுத்த கை. அக்கா, அவர்கிட்ட சொல்லுக்கா. அவள் போட்டோக்காரப் பெண்ணைக் கூப்பிடவே இல்லை.

"கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாடி நீங்க உக்கார்ந்திருந்தீங்க" என்றார் டீச்சர். "அந்தப் பொண்ணு உங்களைப் பார்க்கல. ஆனா உங்க தங்கச்சி உங்களைக் கூப்பிட்டதைக் கேட்டுட்டா. தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னு நினைச்சுக்கிட்டா. இவனும் அப்படித்தான் நினைச்சான்."

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று ரேடியோ எதிர்பார்த்தான். அவள் கருகிய காலரை விரலால் சுரண்டிப் பார்த்தாள்.

"துணிக்காரன் சண்டைக்கு வருவான்" என்றாள்.

"கதவை ஏன் திறக்கல?"

"என்னைத்தான் முதல்ல பெண் பார்க்க வந்தாங்க, தெரியுமா உங்களுக்கு? காபி கொண்டுபோனது நான். திரும்பிப் போகும்போது, தங்கச்சியைக் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனான். அப்புறம் இருபது வருஷம் கழிச்சு அவனே என்கிட்ட வந்தான், தப்புப் பண்ணிட்டேன்னு. ரெண்டு வருஷமா வந்துக்கிட்டிருந்தான். அவளுக்குத் தெரியாது. என் சமையலை அவனுக்குப் பிடிக்கும்னு, அவளே ஞாயித்துக்கிழமையானா என்னைக் கூப்பிட்டு அனுப்புவா."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு யாரும் திட்டம் எல்லாம் போடல. சத்தியமா ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினோம். நான்தான் அவளைத் தாங்கி ஏத்தினேன். சுத்துவழிக்குத் திரும்புற இடத்துல அவன் வண்டியை மெதுவாக்கினான். கண்ணாடியில என்னைப் பார்த்தான். நான் வேண்டாம்னு சொல்லல." அவள் தோளைக் குலுக்கினாள். "அவ்வளவுதான் நடந்தது. வேற ஒண்ணுமே நடக்கல."

"அவங்களுக்குப் புரிஞ்சுதா?" ரேடியோவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீர்த்தேக்கம் தாண்டினப்புறம் புரிஞ்சிருக்கும். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தா. நான் வெளியில பார்த்துக்கிட்டேன். பூவெல்லாம் நல்லா இருந்துச்சு. அதுக்கப்புறம் அவளும் திரும்பல. ஆஸ்பத்திரிக்கு முந்தின வளைவுல என்னை இறக்கிவிட்டுட்டான்."

கடைக்குள் எங்கோ ஒரு இயந்திரம் சுற்றி முடித்து நின்றது.

"அப்ப எதுக்கும்மா எங்களைத் தேடி வந்தீங்க? வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே" என்றான் ரேடியோ.

முதல்முறையாக அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. "பதினாறாம் நாள் முடியட்டும்னான். முடிஞ்சுது. அப்புறம் போனை எடுக்கல. வீட்டுக்குப் போனா, கிளினிக்ல சீட்டுக் கொடுக்கிறாளே, அந்தச் சிறுக்கி கதவைத் திறக்கிறா. என் தங்கச்சி நைட்டியைப் போட்டுக்கிட்டு! அவன் மாட்டணும். செருப்பு எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நீங்களா கண்டுபிடிச்ச மாதிரி இருக்கணும்னுதான் வந்தேன்." சட்டென்று நிமிர்ந்தாள். "இப்பவும் மாட்டப்போறது அவன்தான். நான் இருந்ததுக்கு யார் சாட்சி? கறுப்புக் கண்ணாடி. நான் இப்ப பேசினது எதையும் பேசவே இல்லைன்னு சொல்லிடுவேன்."

"சொல்லுங்க" என்றார் டீச்சர். "எங்க பேச்சு கோர்ட்டுல நிக்காதுதான். ஆனா இன்னொரு சாட்சி இருக்காரே. கண்ணாடியில உங்களைப் பார்த்தவர்."

"அவன் எதுக்கு வாயைத் திறக்கிறான்? திறந்தா அவனுக்கும்தானே?"

"நேத்துவரைக்கும் திறந்திருக்க மாட்டார். ரேடியோ, கார்ல இருந்து இறங்கும்போது யாருக்குப் போன் போட்டே?"

"பல் டாக்டருக்கு, நீங்க சொன்னபடி" என்றான் ரேடியோ. "செருப்பு கிடைச்சிடுச்சு சார், சாட்சியும் இருக்கு, உங்களை மாட்டிவிடச் சொல்லி எங்களை அனுப்பினதே உங்க மச்சினிதான்னு ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன். மனுஷன் நன்றி சொல்லக்கூட நிக்கல. டக்குனு வெச்சுட்டார்."



"இப்ப அவர் என்ன பண்ணுவார்னு எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் டீச்சர். "நேரா ஸ்டேஷனுக்குப் போய், நான் ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினேன், மச்சினிதான் என்னைத் தடுத்தாள்னு சொல்லுவார். யார் முதல்ல போய்ச் சொல்றாங்களோ அவங்க கதைதான் கதை. அடுத்தவங்களுக்கு வெறும் மறுப்புதான்."

அவள் எழுந்தாள். கடையைச் சாத்தவில்லை, விளக்கை அணைக்கவில்லை. தொங்கிய உறைகளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடி, வந்த முதல் ஆட்டோவை மறித்து ஏறினாள்.

ரேடியோ ஆடிக்கொண்டிருந்த ஹேங்கர்களைப் பார்த்தான். "உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா டீச்சர்?"

"விடைத்தாள் திருத்தும்போது கிடையாது. வண்டியை எடு."

ஸ்டேஷன் எதிரில், மரத்தடியில் காரை நிறுத்திக்கொண்டார்கள். வாசலில் பல் டாக்டரின் கறுப்புக் கண்ணாடி வைத்த கார் ஏற்கெனவே கோணலாக நின்றது. ஆட்டோவும் அப்போதுதான் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போயிருந்தார். வராந்தாவில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் பல் டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா படியேறியவள் அவரைப் பார்த்ததும் நின்றாள். திரும்பிப் போகவும் முடியாது. மறு முனையில் உட்கார்ந்தாள். பாராக்காரர் இருவரையும் பார்த்து ஏதோ கேட்டார். இருவருமே உள்ளே கையைக் காட்டினார்கள்.

நேரம் போயிற்று. எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட இருவரும் அசையவில்லை. அவர் சுவரைப் பார்த்தார். அவள் தெருவைப் பார்த்தாள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

"சொந்தக்காரங்கன்னு பார்த்தாலே தெரியுது" என்றான் ரேடியோ.

கடைசியில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் பல்லைக் குத்தியபடி படியேறி, கதவருகில் நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"யாரு முதல்ல?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.